மட்டக்களப்ப ஒரு நாளில சுத்திக் காட்ட நல்ல கைட் ஆரும் இருக்காங்களா?

எல்லாருக்கும் வணக்கம். கனடால இருந்து சின்னம்மாவும் அவட ரெண்டு பிள்ளையளும் அடுத்த மாசம் வாறாங்க, சின்னம்மா ஊர விட்டுப் போய் 30 வருசத்துக்கு மேல, பிள்ளையளுக்கு இதான் முதல் தரம், சுத்த ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும், அதால தனி வேன் ஒண்டு பிடிச்சி நம்மட ஊர்க் கதை சொல்லத் தெரிஞ்ச ஒராளோட போவம் எண்டு யோசிக்கிறன்.

காலைல புளியந்தீவுக் கோட்டை, அது 1628ல போர்த்துக்கீசர் கட்டி 1638ல ஒல்லாந்தர் பிடிச்சது, இதெல்லாம் பிள்ளையளுக்கு விளங்கச் சொல்லோணும், இங்கிலிசும் தெரிஞ்சா நல்லம். பிறகு மாமாங்கக் கோயில், 1913ல கட்டின முகத்துவாரம் லைட் ஹவுஸ். மண்முனைப் பாலத்தால கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்கும் போகோணும். பாசிக்குடாக் கடற்கரை வடக்கால கிடக்கு, கொக்கட்டிச்சோலை மற்றப் பக்கம், ரெண்டையும் ஒரே நாளில செய்யேலுமா? எனக்கெண்டா பாசிக்குடாவ விடலாம் போல.

முக்கியமானது இதுதான். சின்னம்மா சின்ன வயசில பௌர்ணமிக்கு கல்லடிப் பாலத்தடில தோணில போய், துடுப்ப தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனில காத வச்சி மீன் பாடுறத கேட்டவ. அத பிள்ளையளுக்கும் கேக்க வைக்கோணும் எண்டு ஒரே ஆசை. இப்பயும் இரவில கூட்டிப் போற தோணிக்காரர் இருக்காங்களா? வேனுக்கும் கைட்டுக்கும் எவ்வளவு எடுப்பாங்க? தெரிஞ்சவங்க இன்பொக்ஸ் பண்ணுங்க ப்ளீஸ்.