வாள் கிடைச்ச ஊரு வேற, அடிச்ச ஊரு வேற

பிலிப்பைன்ஸ்ல இருக்கற தவாவோல எம்பிபிஎஸ் படிச்சப்போ எங்க வீட்டு ஓனர் லோலா (பாட்டிய அங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க) ஒருநாள் பீரோ மேலேர்ந்து துணி சுத்துன ஒண்ண இறக்கி, இது எங்க தாத்தா காலத்து சுந்தாங், பாருன்னு கையில குடுத்தாங்க. சுந்தாங்னு காதுல விழுந்ததுமே மோரோ கிரிஸ்தான்னு (தெற்கு பிலிப்பைன்ஸ் முஸ்லிம் மக்களான மோரோக்களோட வாள்) நெனச்சுட்டேன், ஏன்னா கிரிஸுக்கு அப்படி ஒரு பேரு உண்டு, நாங்க இருந்ததும் அவங்க வாழற மிண்டனாவோ தீவு.

துணியப் பிரிச்சா எதுவும் ஒத்து வரல. கிரிஸ்னா ரெண்டு பக்கமும் கூர் இருக்கணும், நெளிஞ்சுதான் இருக்கணும்னு இல்ல, நேரா இருக்கற கிரிஸும் நிறைய உண்டு, ஆனா கைப்பிடிகிட்ட அலகு அகலமாகி கங்யான்னு ஒரு பகுதி வரும், ரொம்பப் பழசுன்னா அது தனி இரும்புத் துண்டாவே பொருத்தியிருக்கும். இதுல கங்யாவும் இல்ல, கூரும் ஒரு பக்கம்தான்.

ஜன்னல்கிட்ட கொண்டுபோய் அலகோட ரெண்டு முகத்தையும் கட்டைவிரலால மெதுவா தடவிப் பாத்தேன். ஒண்ணு சுத்தமா தட்டை, இன்னொண்ணு மட்டும் சரிஞ்சு கூருக்கு இறங்குது, அப்படியே ஆசாரி உளி. கைப்பிடி எருமைக் கொம்பு, நுனியில வாயப் பொளந்த மிருக முகம், பல்லு ஒவ்வொண்ணும் தனித்தனியா செதுக்கி, நெத்திப் பக்கம் மட்டும் கை பட்டுப் பட்டு மழமழன்னு தேஞ்சிருந்துச்சு. இந்த உளிக்கூரும் இந்த முகமும் சேந்து வந்தா பிலிப்பைன்ஸுக்கு நடுவுல இருக்கற விசயாஸ் தீவுகள்தான், அதுலயும் பனாய், நீக்ரோஸ் தீவுப் பக்கம், தெனெக்ரேன்னு சொல்ற வகை.

உங்க அப்பாவுக்கு எந்த ஊருன்னு லோலாகிட்ட கேட்டேன். பனாய்ல இருக்கற இலோயிலோவாம்! 1939ல மிண்டனாவோல இருக்கற கொரோனாடல் பள்ளத்தாக்குல நிலம் குடுத்து குடியேத்துனாங்கல்ல, அந்தக் காலத்துல கப்பலேறி வந்த குடும்பம், வாளும் கூடவே வந்திருக்கு. அவங்க பேசற பிசாயாங்கற விசயாஸ் மொழில சுந்தாங்னா சும்மா வெட்டுக்கத்தி, அருவா, எல்லாத்துக்கும் பொதுப் பேரு, நான்தான் பேர மட்டும் கேட்டு ஏமாந்துட்டேன்.

விக்கறவங்க நிறைய பேரு பிலிப்பைன்ஸ் வாள்னாலே மோரோன்னு எழுதிடறாங்க, அது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு, எந்த ஊர் கொல்லன் அடிச்சதுங்கற விவரமே அழிஞ்சு போயிடுது. சுலு தீவுப் பக்கத்து பாரோங்ங்கற மோரோ வாள் மாதிரி இலை வடிவ அலகும் கொண்டைக்கிளி மூக்கு வெச்ச கைப்பிடியும்னா பாத்ததும் தெரியும், மத்ததெல்லாம் அவ்வளவு லேசு இல்ல. அதனால போட்டோ எடுக்கறவங்க தயவுசெஞ்சு அலகோட ரெண்டு முகத்தையும் எடுங்க, கைப்பிடிய கிட்டப் போய் எடுங்க, குடும்பம் எங்கேர்ந்து வந்துச்சுன்னும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.