கீழாநெல்லி பறிக்கிறதுக்கு முன்னாடி

குழு: நம்ம வீட்டு ஆளுங்க

கமலா பெரியம்மா, காலை 7:12
செந்திலுக்குக் கண்ணு மஞ்சளாயிருக்குன்னீங்களே. வேலியோரம் கீழாநெல்லி நிறைய கிடக்கு, பறிச்சு அனுப்பவா?

வாசுகி சித்தி (சித்தா டாக்டர்), 7:15
அக்கா, ஒரு கிளையைத் திருப்பிப் போட்டு போட்டோ எடுங்க. அடிப்பக்கம் காய் தெரியணும்.

கமலா பெரியம்மா, 7:21
📷 படம்
தண்டு செவப்பா இருக்கு.

வாசுகி சித்தி, 7:24
பெருசாக்கிப் பாத்தேன். காய் காம்பே இல்லாம ஒட்டிக்கிட்டு சொரசொரன்னு இருக்கு. இது செவப்புக் கீழாநெல்லி, வேற செடி. நமக்கு வேணுங்கறதுல காய் வழவழன்னு, நூல் மாதிரி சின்னக் காம்புல தொங்கும்.
வேலியோரம் வேண்டாம்க்கா. நாய் நடமாட்டம், களைக்கொல்லி ரெண்டும் இருக்கும்.

அரவிந்த், 7:30
செந்திலோட ரத்த டெஸ்ட் ரிசல்ட் வந்துருச்சு. ஹெபடைட்டிஸ் ஏ (ஈரலைத் தாக்குற வைரஸ்) பாசிட்டிவ். பிலிரூபின் (மஞ்சள் நிறமி) 6.4, எஸ்ஜிபிடி (ஈரல் நொதி) 1180, ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்குற நேரத்தோட அளவு) 1.2.

ராஜி அக்கா (நர்ஸ்), 7:33
ஐஎன்ஆர் 1.2ன்னா இப்போதைக்குப் பயமில்ல. மூணு நாள்ல திரும்ப எடு. எஸ்ஜிபிடி இறங்குதேன்னு மட்டும் சந்தோஷப்படாதே. அது இறங்கி, பிலிரூபினும் ஐஎன்ஆரும் ஏறுனா ஈரல் தளருதுன்னு அர்த்தம். பேச்சு குழறுனாலோ, பகல்லயே தூங்கி வழிஞ்சாலோ, ஈறுல ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. மலம் வெள்ளையா, உடம்பு அரிப்போட இருந்தா பித்தப்பாதை அடைப்பான்னு ஸ்கேன்ல பாக்கணும். அதுக்குப் பச்சிலை குடிச்சு நாளக் கடத்துனா ஆபத்து.

வாசுகி சித்தி, 7:40
செந்திலுக்குக் குடுக்கலாம், அவனைப் பாக்குற டாக்டர்கிட்ட சொல்லிட்டு. வேரோட பிடுங்கி, மண் போக மூணு தடவை அலசி, கடைசித் தடவை கொதிச்சு ஆறுன தண்ணி. சின்ன நெல்லிக்காய் அளவு விழுது, 200 மில்லி மோர், காலைல ஒரு வேளை, 5 நாள். மோர்ல கலக்குற தண்ணியும் கொதிச்சதா இருக்கட்டும், இந்த வைரஸே தண்ணில வர்றதுதான். பச்சை ஆட்டுப்பால் வேண்டவே வேண்டாம். வயித்தால போனா நிறுத்திடுங்க.

அரவிந்த், 7:44
இது ஹெபடைட்டிஸ் பி-யவே விரட்டும்னு ஃபார்வர்ட் வந்துச்சே?

வாசுகி சித்தி, 7:47
1988ல சென்னை ஆய்வு ஒண்ணு லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு. கீழாநெல்லி மருந்து எடுத்த 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல பி வைரஸோட அடையாளம் மறைஞ்சுது. ஆனா பின்னாடி மத்தவங்க செஞ்ச ஆய்வுகள்ல அந்தப் பலன் கிடைக்கல. பி-க்கு இதை நம்பி மாத்திரைய நிறுத்தக் கூடாது. ஏ பெரும்பாலும் தானா ஆறிடும், பேரு மட்டும் கீழாநெல்லிக்குப் போகும்.

கமலா பெரியம்மா, 7:50
மீனா 7 மாசம் முழுகாம இருக்கா. அவளும் ஒரு வாய் குடிச்சுக்கட்டுமா?

ராஜி அக்கா, 7:51
வேண்டாம் பெரியம்மா! சர்க்கரை மாத்திரை போடுறவங்களும் கேக்காமக் குடிக்காதீங்க, சர்க்கரை இன்னும் இறங்கிடலாம். வீட்ல உள்ளவங்க தடுப்பூசி போடலாமான்னு டாக்டரைக் கேளுங்க, தொட்டுப் பழகி 14 நாளைக்குள்ள போட்டாத்தான் பிரயோஜனம். மீனாவுக்கு அவ டாக்டர் சொல்றபடி.

கமலா பெரியம்மா, 7:58
கிணத்தடில ஒரு செடி. 📷 படம்
காய்க்குக் காம்பு இருக்கு பாரு.

வாசுகி சித்தி, 8:01
இதேதான்க்கா. ஈரத்துணில சுத்தி அனுப்புங்க, நாளைக்குக் காலைலேருந்து அப்பப்ப அரைச்சுக்கலாம்.