குதிகால் நாணில் கூடிய 12 சதவீதம்: காயமா, நீரா?

நெடுந்தூர ஓட்டக்காரன்:
"படியில் நின்று குதிகாலை இறக்கும் பயிற்சி தசைநாரைக் கிழிக்கும், எம்ஆர்ஐயே அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது" என்று இரும்புக்கை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அவர் பிடித்துத் தொங்குவது 2004இல் ஸ்டாக்ஹோமில் அடெல் ஷலாபி குழு செய்த ஆய்வு. குதிகால் நாணில், அதாவது கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நாணில், நாள்பட்ட வலி உள்ள 22 பேரைப் பயிற்சி செய்யவைத்து, முடிந்த கையோடு ஸ்கேன் எடுத்தார்கள். நாணின் கன அளவு 12 சதவீதம் கூடியிருந்தது. அதற்கு அவர்கள் சொன்ன காரணம் நீரும் இரத்த ஓட்டமும். கிழிசல் எங்கிருந்து வந்தது? அதே குழு, அதே ஆண்டு, 25 பேர், மூன்று மாதப் பயிற்சி: கன அளவு 14 சதவீதம் குறைந்தது. அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

இரும்புக்கை:
நான் எதையும் விழுங்கவில்லை. 12 சதவீதம் கூடியதை நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், அது போதும். பயிற்சி முடிந்த கையோடு பருத்தால் அதற்குப் பெயர் வீக்கம். வீக்கம் உள்ள இடத்தில் காயம் உண்டு. இருபது ஆண்டுகளாகப் பயிற்சிக்கூடம் நடத்துகிறேன். எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

சொல்லேருழவி:
இருவரும் முதலில் சொல்லைத் திருத்துங்கள். தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். எலும்பை எலும்போடு பிணைப்பதே தசைநார். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்றே தெரியாமல் என்ன விவாதம்?

இரும்புக்கை:
நாரோ நாணோ, 12 சதவீதம் 12 சதவீதம்தான் அம்மா.

நெடுந்தூர ஓட்டக்காரன்:
அந்த ஆய்வை முழுவதும் படித்தீர்களா? வலித்த காலுக்கு இறக்கும் பயிற்சி, மறுகாலுக்குக் குதிகாலை உயர்த்தி எம்பும் பயிற்சி. எம்பிய காலில் 17 சதவீதம் கூடியது! இறக்குவதுதான் கிழிக்கிறது என்றால், இறக்காத கால் ஏன் அதைவிடப் பருத்தது? பதில் சொல்லுங்கள்.

எனக்கு இது ஏட்டுச் சண்டை அல்ல. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்து அடியைச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வைப்பேன். குதிகாலுக்கு இரண்டு விரல் மேலே, நாண் மொச்சைக்கொட்டை அளவுக்குத் திரண்டிருந்தது. உங்களைப் போன்ற ஒருவர் பேச்சைக் கேட்டு ஆறு மாதம் காலை அசைக்காமல் வைத்திருந்தேன். வலி குறையவே இல்லை. பிறகு தினமும் படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, மெல்ல இறக்கி, நல்ல காலால் ஏறி, மீண்டும் இறக்கித்தான் ஓட்டத்துக்குத் திரும்பினேன்.

ஸ்கேன் அறைக்காரர்:
படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல நாண் எம்ஆர்ஐயில் கரிக்கோடாகத் தெரியும். நாணின் கொலாஜன் என்னும் புரத இழைகளோடு நீர் இறுகப் பிணைந்திருப்பதால் சிக்னல் ஓரிரு மில்லிநொடியில் மடிந்துபோகும். வழக்கமான ஸ்கேன் முறைகள் அந்த சிக்னலைக் கேட்கத் தொடங்குவதற்குள் அங்கே ஒன்றும் மிஞ்சாது. இன்னொன்று, இழைகள் காந்தப்புலத்துக்கு ஏறக்குறைய 55 பாகை சாய்ந்தால் நல்ல நாணும் நோயுற்றதுபோல் வெளுத்துத் தெரியும். பாதத்தை எப்படி வைத்தார்கள் என்று யாராவது கேட்டீர்களா?

நெடுந்தூர ஓட்டக்காரன்:
ஐயா, பேச்சு வெளுப்பைப் பற்றியது அல்ல, கன அளவைப் பற்றியது. இரும்புக்கை இன்னும் 17க்குப் பதில் சொல்லவில்லை.

இரும்புக்கை:
இரண்டு காலும் காயப்பட்டிருக்கும், அவ்வளவுதான். டென்மார்க்கில் ஹெய்னமையர் குழு 2013இல் சொன்னது தெரியுமா? அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் நாணில் எவ்வளவு பதிந்திருக்கிறது என்று பார்த்து, அந்தத் திசு எப்போது உருவானது எனக் கணக்கிட்டார்கள். குதிகால் நாணின் உள்மையம் பதின்வயது கடந்த பிறகு ஏறக்குறையப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. புதுப்பிக்க முடியாத ஒன்றை 12 சதவீதம் வீங்கவைப்பது பயிற்சியா, பாவமா?

நெடுந்தூர ஓட்டக்காரன்:
மறுபடியும் 12! பளுவைத் தாங்கித் தாங்கி நாண் உரம் பெறும் என்பதற்கும் டென்மார்க்கிலிருந்தே சான்று உண்டு. 2008இல் கூப்பே குழு வாள்வீச்சு, பூப்பந்து வீரர்களின் முழங்கால் நாண்களை எம்ஆர்ஐயில் அளந்தது. முன்வைத்துப் பாயும் காலின் நாண் மறுகாலினதைவிட 20 முதல் 28 சதவீதம் வரை தடித்திருந்தது. ஆண்டுக்கணக்கில் அந்தக் காலைத்தானே ஊன்றினார்கள், அது கிழிந்தா போயிற்று?

இரும்புக்கை:
அங்கே 28 கூடினால் வலிமை, இங்கே 12 கூடினால் நீர். உங்கள் தராசுக்கு இரண்டு படிக்கல்லா? போன மாதம் முழங்கால் விவாதத்திலும் இப்படித்தான் பாதியில் நழுவினீர்கள்.

நெடுந்தூர ஓட்டக்காரன்:
நழுவியது நீங்கள். ஆண்டுகள் பழகி வருவதும் சில நிமிடங்களில் வருவதும் ஒன்றா? சோற்றில் ஊறிய நீரையும் அரிசியின் விளைச்சலையும் ஒரே படியில் அளப்பீர்களா?

சொல்லேருழவி:
'முழங்கால் நாண்' என்பதும் பொதுப்படையான சொல். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ளதைச் 'சில்லு நாண்' என்று எழுதுங்கள்.

இரும்புக்கை:
எப்படி எழுதினாலும் 12 குறையப்போவதில்லை.

நெடுந்தூர ஓட்டக்காரன்:
17க்குப் பதில் சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.