பொனான்ஸா: குண்டு அண்ணன் பட்டினி கிடந்த கதையில் முயல் உண்டா? பந்தயம் தீர்த்து வையுங்கள்

காண்டாவாளி (சுங்கை சிப்புட்):

வணக்கம். கேள்வி சின்னது, பின்னணிதான் கொஞ்சம் நீளம். ஒரு வாரப் பசியாறல் காசு இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

பழைய பொனான்ஸா கௌபாய் தொடரில் ஒரு கதை. குண்டு அண்ணன் ஹோஸைத் தம்பி ஜோ ஒரு தின்னும் போட்டிக்குக் கொண்டுபோய் நிறுத்துவான். தோசை மாதிரி ஒன்றை அடுக்கடுக்காக வைத்துத் தின்னும் போட்டி. அன்றைக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று அதுவரை அண்ணனைக் காயப்போடுவான். அந்த மலை மாதிரி மனுசன் சோற்றுக்கு ஏங்கும் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

என் கூட்டாளி ஒருத்தன், எங்கள் எஸ்டேட் தோட்டத்துப் பெரிய கிராணியின் (தலைமைக் குமாஸ்தாவின்) மகன், அந்தக் கதையில் முயல் உண்டு என்கிறான். ஒன்றிரண்டு இல்லை, வீடு கொள்ளாத முயல். பசியோடு ஹோஸ் முயலைப் பார்க்க, ஜோ குறுக்கே வந்து நிற்க, அதுதான் கதையின் உயிரே என்று கோப்பிக்கடையில் எல்லார் எதிரிலும் சத்தியம் செய்கிறான்.

நான் ஏன் நம்பவில்லை என்றால், அவன் வரலாறு அப்படி. அப்போது தோட்ட மண்டபத்தில் ஒரே ஒரு டிவி. மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவி கிராணி வீட்டில் இருக்கும். நாங்கள் எல்லாரும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. அவன் ஒருத்தன்தான் பஸ் ஏறி டவுனுக்குப் போய் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவன். ஆகவே டிவிக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து எங்களுக்கு விளக்கம் சொல்வது அவன் வேலை. அமெரிக்காக்காரன் வாயைத் திறக்குமுன் இவன் தமிழில் சொல்லிவிடுவான். வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது, அமெரிக்காக்காரன் சொல்லாததையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறான். இவன் விளக்கத்தில் அந்தப் பெரியவர் பென் கார்ட்ரைட், "நாளைக்குப் பெரட்டுக்கு நேரத்தோட வரலேன்னா ரெண்டு பேருக்கும் பேர் போட மாட்டேன்" என்று மகன்களை மிரட்டுவார் (பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் பேர் எடுப்பது). ஹோஸ் மாரியம்மன் மேல் ஆணையிடுவான். ஒரு ஷெரிஃப் போனஸ் கேட்டு மேனேஜர் பங்களாவுக்குப் போனதாகக்கூட ஞாபகம்.

இதில் இன்னொரு கஷ்டம், ராத்திரி இஞ்சின் நிறுத்தினால் கரண்டு போய்விடும். படம் பாதியில் நின்றால் மிச்சக் கதையை இருட்டில் அவன்தான் முடித்து வைப்பான். யாரும் எழுந்து போக மாட்டார்கள். சொல்லப்போனால் சில கதைகளை இருட்டில்தான் அதிகமாக ரசித்தோம், அதை அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஆக என் கேள்வி: அந்தக் கதையின் பெயர் என்ன? அதில் முயல் உண்டா, இல்லையா? தோற்றவன் ஒரு வாரத்துக்கு ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி), தே தாரிக் (ஆற்றிய பால் டீ) வாங்கித் தர வேண்டும்.

பழையபெட்டி (ஈப்போ):

ஐயா, நீங்கள் சொல்லும் கதைக்குப் பெயர் "த ஃப்ளாப்ஜாக் கான்டெஸ்ட்". ஆறாவது சீசன், அமெரிக்காவில் 1965 ஜனவரி 3 அன்று ஒளிபரப்பானது. தின்பது தோசை இல்லை, பான்கேக். போட்டியில் ஹோஸ் ஜெயிப்பான் என்று ஜோ பணம் கட்டுகிறான், அதற்காக அண்ணனைப் பட்டினி போடுகிறான். நீங்கள் சொன்னது அச்சாகச் சரி. அதில் முயல் பண்ணை எதுவும் கிடையாது.

ஆனால் கொஞ்சம் நில்லுங்கள். முயல் கதையும் இருக்கிறது. "பாண்டரோசா எக்ஸ்ப்ளோஷன்", எட்டாவது சீசன், 1967 ஜனவரி 1. ஹோஸும் ஜோவும் முயல் வளர்த்து, தோலை விற்றுப் பணக்காரர் ஆகலாம் என்று இறங்குவார்கள். முயல் தன் கடமையைச் செய்யும். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். உங்கள் கூட்டாளி முயலைக் கற்பனை செய்யவில்லை, இரண்டு கதையை ஒன்றாகக் கட்டிவிட்டார்.

இனி இந்த மாதிரித் தகராறு வந்தால் ஒரு சுலபமான வழி சொல்கிறேன். கறுப்பு உடையில் மூத்த அண்ணன் ஆடம் படத்தில் இருந்தால், அது முதல் ஆறு சீசனுக்குள் எடுத்தது. அந்த வேடத்தில் நடித்த பெர்னல் ராபர்ட்ஸ் 1965இல் தொடரை விட்டுப் போய்விட்டார். கேண்டி என்ற வேலையாள் இருந்தால் 1967 செப்டம்பருக்குப் பிறகு வந்தது. இரண்டு பேரையும் காணோம் என்றால் பெரும்பாலும் நடுவில் வந்த கதை, முயல் கதை மாதிரி. உடுப்பை மட்டும் பார்த்து வருசம் கண்டுபிடிக்க முடியாது. பழைய காட்சித் துண்டுகளை மறுபடி ஒட்டிக்கொள்ள வசதியாக, வருசக்கணக்கில் எல்லாருக்கும் ஒரே உடுப்பைத்தான் மாட்டினார்கள். ஜோவுக்கு எப்போதும் அந்தப் பச்சை ஜாக்கெட்.

காண்டாவாளி (சுங்கை சிப்புட்):

பச்சையா? எங்கள் மண்டபத்தில் அது சாம்பல் நிறம்.

பழையபெட்டி (ஈப்போ):

ஹாஹா, நம் மலேசியாவில் கலர் ஒளிபரப்பு 1978இல்தானே வந்தது. பொனான்ஸா ஆரம்பமே கலரில்தான், 1959 செப்டம்பரில். அதை ஒளிபரப்பிய என்பிசி அப்போது ஆர்சிஏ கம்பெனிக்குச் சொந்தம், அவர்களோ கலர் டிவி விற்கிறவர்கள். கலர் பெட்டி விற்க உதவிய தொடரை நாம் கறுப்பு வெள்ளையில் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

மோரிப் அக்கா (பந்திங்):

சண்டைக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ஜோடிச் சிரிப்பு என்றால் கன்ஸ்மோக் தொடரில் வரும் ஃபெஸ்டஸும் டாக்டரும்தான் என் கட்சி. 1955இல் தொடங்கி 1975 வரை இருபது வருசம் ஓடின தொடர். அதில் இவர்கள் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்து ஒருவரை ஒருவர் குத்திப் பேசிக்கொண்டிருந்தாலே போதும், எனக்கு முயலும் வேண்டாம் தோசையும் வேண்டாம். ஹோஸ், ஜோ கதைகளில் யாராவது ஒருத்தர் திட்டம் போட்டே ஆக வேண்டும், அது கவிழ்ந்தே ஆக வேண்டும். பத்து நிமிசத்தில் முடிவு தெரிந்துவிடும்.

ஓய்வுவாத்தியார் (கோலக் கெட்டில்):

அக்கா, முடிவு தெரிவதுதான் அதில் சுகமே. ஹோஸ் ஏமாறப் போகிறான் என்று ஊருக்கே தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. நாம் பார்ப்பது அந்த நம்பிக்கையான முகத்தைத்தான்.

நம் கவுண்டமணி, செந்தில் ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அதட்டுகிறவர் அடிக்கிறார், அடி வாங்குகிறவர் மறுபடி வந்து வம்பிழுக்கிறார். இங்கே அடிக்க வலு உள்ளவன் ஹோஸ். ஆறடி நாலு அங்குலம், ஒரு தட்டு தட்டினால் ஜோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் விழுவான். ஆனாலும் தட்ட மாட்டான். தம்பி சொல்லிவிட்டான், நம்பித்தான் ஆக வேண்டும். தம்பிக்கோ அண்ணன் மேல் உயிர், ஆனால் பணம் என்று வந்தால் அண்ணன் பந்தயக் குதிரை. இந்த இரண்டும் ஒன்றாக இருப்பதால்தான் அந்தப் பட்டினிக் கதை எடுபடுகிறது. வெறும் ஏமாற்று என்றால் பார்க்கிற நமக்குக் கோபம்தான் வந்திருக்கும்.

ஆடம் இருந்தவரை நடுவில் நின்று புத்தி சொல்ல ஓர் ஆள் இருந்தார். அவர் போன பிறகு இந்த இரண்டு பேரையும் தடுக்க அப்பா ஒருவர்தான். முயல் கதையில் அவர்கள் அவ்வளவு தூரம் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஹோஸாக நடித்த டான் பிளாக்கர் அசட்டுத்தனம் நடிப்பதைப் பார்த்து அவர் படிக்காதவர் என்று எண்ணிவிடாதீர்கள். நாடகத்தில் முதுகலைப் பட்டம், கொரியப் போருக்குப் போய் வந்தவர், நடிக்க வருமுன் பள்ளி வாத்தியார். வகுப்பில் சிரிப்பை அடக்கிப் பழகியவருக்குத்தான் அப்படி முகத்தை வைத்துக்கொள்ள வரும் (அனுபவத்தில் சொல்கிறேன்). 1972 மே மாதம், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இறந்தார், வயது 43. அவர் இல்லாமல் தொடங்கிய சீசன் 1973 ஜனவரியோடு நின்றுபோனது. ஆடம் போனதைத் தாங்கிய தொடரால் ஹோஸ் போனதைத் தாங்க முடியவில்லை.

செம்பனைக்காடு (பாகான் செராய்):

அங்கிள்மார்களே, யூடியூப்பில் தேடினேன். பொனான்ஸா என்று நிறைய வருகிறது, ஆனால் எல்லாம் துப்பாக்கிச் சண்டை. இந்த இரண்டையும் காணோம்.

பழையபெட்டி (ஈப்போ):

தம்பி, இலவசமாகக் கிடப்பவை பெரும்பாலும் முதல் இரண்டு சீசன் கதைகள். அமெரிக்காவில் அவற்றில் ஒரு பகுதிக்குப் பதிப்புரிமை காலாவதியாகிவிட்டது, அதனால் யார் வேண்டுமானாலும் ஏற்றுகிறார்கள். அப்போது அண்ணன் தம்பிகள் ஒருவரோடொருவர் முறைத்துக்கொண்டு திரிந்த காலம். நீங்கள் தேடுபவை ஆறும் எட்டும். டிவிடி வாங்க வேண்டியிருக்கும். வாங்கினால் ஐந்தாவது சீசனையும் சேர்த்து வாங்குங்கள். காட்டுக்குள் தங்கத்தோடு குள்ள மனிதர்களைப் பார்த்தேன் என்று ஹோஸ் சொல்லி யாரும் நம்பாத கதை அதில் இருக்கிறது, 1963 டிசம்பர் 22. இந்த மூன்று கதையும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாக்கில் வந்திருப்பதைக் கவனியுங்கள். பண்டிகை நேரத்தில் யாரும் பிணம் பார்க்க விரும்ப மாட்டார்கள் போல.

பெரியகிராணிமகன் (சுங்கை சிப்புட்):

இந்த விசயத்துக்காகவே பேர் பதிந்து உள்ளே வந்திருக்கிறேன். காண்டாவாளி என்று ஒளிந்துகொண்டு எழுதுகிறவன் யார் என்று எனக்குத் தெரியும்.

முயல் உண்டு என்று ஈப்போக்காரர் தேதியோடு சொல்லிவிட்டார். எந்த ஞாயிறு, எந்த சீசன் என்பதெல்லாம் பந்தயத்தில் இல்லை. முயலைப் பார்த்தேன் என்றேன், முயல் இருக்கிறது. அவ்வளவுதான்.

அப்புறம் அந்த மொழிபெயர்ப்பு விசயம். இஞ்சின் நின்ற பிறகு இருட்டில் உட்கார்ந்து, "அப்புறம் என்னாச்சு, அப்புறம் என்னாச்சு" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தவன் யார் என்று இவனையே கேளுங்கள். கதையை முடிக்காமல் எழுந்தால் வீட்டுக்குப் போக விட்டிருப்பார்களா? பட்டினி கிடந்தவன் பாதியில் நிற்கிறான், எனக்குத் தெரிந்த முயலைக் கொண்டுவந்து கதையை முடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள், இவன் பலகையிலிருந்து கீழே விழுந்தான். அத்தனை வருசம் விளக்கம் சொன்னதற்கு ஒரு காசு கேட்டிருப்பேனா? அந்தக் கணக்கையும் போட்டால் ரொட்டி சானாய் ஒரு வாரத்தில் தீராது.

காண்டாவாளி (சுங்கை சிப்புட்):

பார்த்தீர்களா, "கொண்டுவந்து முடித்தேன்" என்று அவன் வாயாலேயே வந்துவிட்டது! எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

சரி, பெரிய மனசு பண்ணி இப்படி முடிவு செய்திருக்கிறேன். ரொட்டி அவன் காசு, தே தாரிக் என் காசு. ரொட்டி தெலூர் (முட்டை ரொட்டி) கேட்டால் அவரவர் காசு. திங்கட்கிழமை காலையிலிருந்து ஆரம்பம். மழை என்று சொல்லி வராமல் இருந்தால் அந்த நாள் கழியாது.

வாத்தியார் ஐயா எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். அப்படியென்றால் ஜோ யார், ஹோஸ் யார் என்று கேட்டான். கிராணி மகன் எந்தக் காலத்திலும் ஜோதான், அதில் என்ன சந்தேகம்.

ஈப்போக்காரரிடம் கடைசியாக ஒரு கேள்வி. முதுகில் இறக்கையைக் கட்டிக்கொண்டு பறக்கக் கிளம்பினான் ஹோஸ் என்று ஒருநாள் ராத்திரி இவன் சொன்னான். நாங்கள் பாதியில்தான் போய் உட்கார்ந்தோம், கூட்டம் மறைத்துவிட்டது, நான் கண்ணால் பார்க்கவில்லை. அது பச்சைப் பொய்தானே?

பழையபெட்டி (ஈப்போ):

உண்மைதான் ஐயா. "பாண்டரோசா பேர்ட்மேன்", 1965 பிப்ரவரி 7. மனிதன் பறக்கலாம் என்று நம்பும் வயதான பேராசிரியராக எட் வின் வருவார், ஹோஸைப் பிடித்து இறக்கை மாட்டிவிடுவார்.

பெரியகிராணிமகன் (சுங்கை சிப்புட்):

திங்கட்கிழமை தே தாரிக்கோடு எனக்கு ரொட்டி தெலூர் இரண்டு. அவன் காசு.