எம்51: புற ஊதாப் படத்தில் துணை கேலக்ஸியைக் காணோம், உதவுங்கள்

நிலாமுற்றம்:
வணக்கம். எம்51 சுருள் கேலக்ஸியை நான்கு அலைநீளங்களில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக. எல்லாம் விண்வெளித் தொலைநோக்கிகளின் படங்கள்: ஹபிளின் சாதாரண ஒளிப் படம், கேலெக்ஸின் புற ஊதாப் படம், ஸ்பிட்சரின் 8 மைக்ரான் அகச்சிவப்புப் படம், சந்திராவின் எக்ஸ்-கதிர்ப் படம்.

ஹபிளில் பளிச்சென்று இருக்கும் துணை கேலக்ஸி என்ஜிசி 5195, கேலெக்ஸில் இருக்கும் இடமே தெரியவில்லை. சந்திரா கோப்பைத் திறந்தால் ஒரே கறுப்பு, அங்கங்கே புள்ளிகள். வானியற்பியல் அறிஞர் சந்திரசேகரின் பெயர் தாங்கிய தொலைநோக்கி, அதை விட்டுவிட மனமில்லை. எல்லாவற்றையும் ஜேபெக் ஆக்கிச் சுழற்றியும் இழுத்தும் பார்த்துவிட்டேன், சுருள் கைகள் விலகியே நிற்கின்றன. கோப்புகள் கெட்டுவிட்டனவா?

வடமீன்:
எதுவும் கெடவில்லை. ஜேபெக் ஆக்கியதுதான் தவறு. எந்தப் பிக்சல் வானில் எந்த இடம் என்ற கணக்கு ஃபிட்ஸ் (வானியல் படங்களுக்கான கோப்பு வகை) கோப்பின் தலைப்பகுதியில் இருக்கிறது, மாற்றியதும் அது போய்விடும். ஹபிள் படத்தில் ஒரு பிக்சல் வானில் 0.05 ஆர்க் செகண்ட் (ஆர்க் செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு), கேலெக்ஸில் 1.5. முப்பது மடங்கு வித்தியாசத்தைக் கண்ணால் பொருத்த முடியாது. மூல ஃபிட்ஸ் கோப்புகளை டிஎஸ்9 என்ற வானியல் பட மென்பொருளில் தனித்தனி ஃபிரேமில் திறந்து, ஃபிரேம் மெனுவில் மேட்ச், ஃபிரேம், டபிள்யூசிஎஸ் (அந்த வான இடக் கணக்கு) கொடுங்கள்.

எக்ஸ்-கதிரில் ஒளித்துகள்கள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன, பெரும்பாலான பிக்சல்களில் பூஜ்யம்தான். மங்கலானவையும் தெரிய ஸ்கேலை லாக் ஆக்கி, அனாலிசிஸ் மெனுவில் ஸ்மூத் போடுங்கள். அந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவை, பக்கத்து விண்மீனிடமிருந்து வாயுவை உறிஞ்சும் நியூட்ரான் விண்மீன்களும் கருந்துளைகளும். பிள்ளைகளுக்கு அதை அவசியம் சொல்லுங்கள்.

கூகைவிழி:
துணை கேலக்ஸி பற்றி. புற ஊதா ஒளியைக் கொட்டுவது பெரிய, சூடான, இளம் விண்மீன்கள். அவற்றுக்கு ஆயுள் குறைவு. ஆகவே இப்போது விண்மீன்கள் பிறக்கும் இடங்களே அந்தப் படத்தில் ஒளிரும். என்ஜிசி 5195-ல் பெரும்பாலும் வயதான விண்மீன்கள். போதாததற்கு எம்51-ன் ஒரு கையின் தூசி அதற்கு முன்னால் ஓடி, வருகிற கொஞ்ச புற ஊதாவையும் மறைக்கிறது. அந்த வெறுமையைத் திருத்திவிடாதீர்கள்.

நிலாமுற்றம்:
பொருந்திவிட்டது, மிக்க நன்றி! துணை கேலக்ஸியை அப்படியே விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: 8 மைக்ரான் கையும் புற ஊதாக் கையும் இன்னும் சில இடங்களில் லேசாக விலகுகின்றன. மேட்ச் சரியாக விழவில்லையா?

வடமீன்:
முன்னால் தெரியும் நம் பால்வழி விண்மீன்கள் இரண்டு மூன்றைப் பிடித்துப் பாருங்கள். இரு படங்களிலும் அவை ஒரே இடத்தில் இருந்தால் பொருத்தம் சரி, விலகல் கேலக்ஸியிலேயே இருக்கிறது. வாயு கையின் உட்புறமாக வந்து நெருக்குண்ணும், தூசி அங்கே திரளும், 8 மைக்ரானில் ஒளிர்வது அதுதான். அதிலிருந்து விண்மீன்கள் பிறந்து ஒளிர்வதற்குள் அவை கையின் வெளிப்பக்கம் நகர்ந்துவிடுகின்றன.

நிலாமுற்றம்:
மூன்று விண்மீன்களைச் சரிபார்த்தேன், அச்சாகப் பொருந்துகின்றன. ஹபிளையும் ஸ்பிட்சரையும் மாற்றி மாற்றிப் போட்டதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஹபிளில் கறுப்பு இழையாக இருந்த தூசி, 8 மைக்ரானில் அதே வளைவோடு நெருப்புத் திரி போல எரிகிறது. பிள்ளைகளுக்கு முதலில் இந்த இரண்டையும்தான் காட்டப் போகிறேன்.