தாழங்குடா முதல் தேவனாம்பட்டினம் வரை: டிசம்பர் 26 அன்று நினைவுத் தொடரோட்டம் நடத்தலாமா?

மஞ்சக்குப்பத்தான்:
அனைவருக்கும் வணக்கம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, நம் கடலூர் மாவட்டத்துக் கடலோர ஊர்களில் 600-க்கும் மேற்பட்டோரை ஆழிப்பேரலை கொண்டுபோனது. இன்று கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் பலர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். தேவனாம்பட்டினத்தின் வெள்ளிக் கடற்கரைக்கு மாலையில் காற்று வாங்க வரும் அவர்களுக்கு, அங்கே என்ன நடந்தது என்பதை யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. ஆகவே நானும் நண்பர்கள் சிலரும் எளிய தொடரோட்டம் ஒன்றை நடத்த விரும்புகிறோம். தாழங்குடாவில் தொடங்கி, ஈர மணல் வழியாகவே தேவனாம்பட்டினம் வந்து சேர வேண்டும். குழுவுக்கு நான்கு பேர். கட்டணம், பரிசு, நேரக் கணக்கு எதுவும் கிடையாது. நடக்க மட்டும் முடிந்தவர்கள் நடக்கலாம். குறுந்தடிக்குப் பதிலாக ஒரு முழ நீள வலைக்கயிற்றைக் கைமாற்றிக் கொண்டு வருவோம். சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29 மணிக்கு என்பதால், அதே நேரத்தில் ஓட்டத்தைத் தொடங்கலாம் என்று எண்ணுகிறேன். உங்கள் கருத்துகளைக் கேட்க விரும்புகிறேன்.

கெடிலக்கரையான்:
நல்ல முயற்சி, தம்பி. நான் முழுமையாக ஆதரிக்கிறேன். ஆண்டுதோறும் அன்று கடலில் பால் ஊற்றி, பூத் தூவி, மீனவர்கள் தொழிலுக்குப் போகாமல் இருக்கிறார்கள். நகரத்தில் இருக்கும் நாம் அதை மறுநாள் நாளிதழில் படமாகப் பார்ப்பதோடு சரி. கடற்கரை ஊர்களின் துக்கத்தில் நகரமும் கலந்துகொள்ள ஒரு வழி வேண்டும்.

தேவனாம்பட்டினத்து மகள்:
உங்கள் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை, மஞ்சக்குப்பத்து அண்ணா. ஆனால் இந்த ஓட்டம் எங்கள் கரையில், அந்த நாளில், அந்த நேரத்தில் நடக்கக் கூடாது என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.

அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. கரைப்பக்கம் இருந்து முதலில் ஓடி வந்தவர்கள் எதுவும் சொல்லவில்லை, ஓடினார்கள், அவ்வளவுதான். அவர்கள் ஓடுவதைப் பார்த்துத்தான் அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். நாங்கள் மூவரும் பிழைத்தோம். வலையைக் காயப்போடப் போயிருந்த தாத்தா வரவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், தெருவில் பிள்ளைகள் வேகமாக ஓடும் சத்தம் கேட்டால், அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து முதலில் கடலைப் பார்ப்பார். எங்கள் தெருவில் அப்படிப் பார்ப்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. நூறு பேர் அந்தக் காலையில் அந்த மணலில் ஓடி வருவது உங்களுக்கு அஞ்சலியாகத் தெரியலாம். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அது என்னவாகத் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று காலை எங்கள் பெண்கள் பால்குடம் எடுத்துக் கடலுக்கு வருவார்கள். அந்த நடைக்கு ஒரு வேகம் இருக்கிறது. வாய்விட்டு அழுபவர்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று போகும் வேகம் அது. அதன் குறுக்கே காலணி அணிந்த கால்கள் ஓடக் கூடாது.

கெடிலக்கரையான்:
அம்மா, உங்கள் வலியின் முன்னால் வாதம் செய்ய எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்: துக்கம் அந்தந்த ஊருக்குள்ளேயே இருந்தால், அதை நேரில் கண்டவர்கள் போன பிறகு எஞ்சுவது என்ன? பால்குடத்தின் குறுக்கே போகாமல், அதற்கு முன்பே ஓட்டத்தை முடித்துவிடலாமே. நேரத்தை மாற்றலாம், நாளை மாற்றுவது சரியாகப் படவில்லை.

புதுவைக்காரன்:
நான் இருபது ஆண்டுகளாகச் சாலைகளில் ஓடுகிறவன். எங்கள் பக்கம் வீராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களிலும் இதே வடுக்கள் உண்டு. புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குள் காரைக்காலில்தான் இழப்பு மிகுதி. முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன்: டிசம்பர் இறுதியில் வாடைக்காற்றும் கொந்தளிப்பும் இருக்கும், அலை ஏறும் நேரத்தில் ஈர மணல் கிடைக்காது, உலர்ந்த மணலில் பழக்கமில்லாதவர்கள் ஓடினால் கணுக்கால் பிசகும். படகும் வலையும் கிடக்கும் கரை அது, ஓடுதளம் அன்று.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது வேறு. இப்படித்தான் எளிமையாக ஒரு நினைவோட்டத்தை நாங்கள் சிலர் தொடங்கினோம். முதல் ஆண்டு நாற்பது பேர் ஓடி, அமைதியாக நின்று, கலைந்தோம். மூன்றாம் ஆண்டில் பனியன் தருகிறேன் என்று ஒரு கடைக்காரர் வந்தார். அடுத்து மேடை வந்தது, பதக்கம் வந்தது, காலை ஆறு மணிக்கே குத்துப்பாட்டு ஒலிபெருக்கியில் ஒலித்தது. யாரை நினைத்து ஓடுகிறோம் என்பதை ஓடியவர்களில் பாதிப் பேர் அறியவில்லை. நான் விலகினேன். கட்டணமும் பரிசும் இல்லை என்று இன்று நீங்கள் மனதாரச் சொல்கிறீர்கள். பணம் தருகிறேன் என்று ஒருவர் வரும்போது மறுக்கும் பொறுப்பு யாருக்கு என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள்.

முதுநகர் ஆசிரியர்:
ஓட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, எந்தத் திசையில் ஓடுவது என்பது எனக்கு முதன்மையாகப் படுகிறது. நிலம் அதிர்ந்த 6.29 மணிக்கும் நம் கரையை அலை அடைந்ததற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் நமக்குச் சொல்ல இந்தியப் பெருங்கடலில் எந்த எச்சரிக்கை அமைப்பும் இல்லை. ஐதராபாத்தில் இந்தியச் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியதே 2007 அக்டோபரில்தான். கடல் உள்வாங்கியபோது அதை வேடிக்கை பார்க்கப் போனவர்கள் எத்தனையோ பேர். ஆகவே கரைக்கு இணையாக ஓடும் ஓட்டத்தால் என் மாணவர்கள் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள். கரையிலிருந்து புறப்பட்டு ஊருக்குள், எந்தத் தெரு வழியாக எவ்வளவு நேரத்தில் பாதுகாப்பான இடத்தை அடையலாம் என்று ஓடிப் பார்த்தால், அது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதையாகவும் இருக்கும், இருப்பவர்களுக்குப் பயனாகவும் இருக்கும். தேவனாம்பட்டினத்திலிருந்து மஞ்சக்குப்பம் மைதானம் மூன்று கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கயிறு போவதும் அங்கே பொருளுடையதாகிறது: செய்தி அப்படித்தானே வீடு வீடாகப் போக வேண்டும்?

நாளைப் பற்றியும் சொல்கிறேன். நவம்பர் 5-ஐ உலகச் சுனாமி விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் அறிவித்தது. 1854-இல் ஜப்பானிய ஊர் ஒன்றில், பேரலை வருவதை உணர்ந்த ஊர்ப் பெரியவர் தன் நெற்கதிர்ப் போர்களுக்கே தீ வைத்து, இருட்டில் திசை தெரியாமல் நின்ற மக்களை அந்த வெளிச்சத்தைக் கொண்டு மேட்டுக்கு வரவழைத்தார். அதன் நினைவாகவே அந்த நாள். டிசம்பர் 26-ஐ அழுவதற்கு விட்டுவிடுவோம். ஓட்டத்தை நவம்பருக்குக் கொண்டுபோவோம்.

கெடிலக்கரையான்:
ஆசிரியர் ஐயா சொன்ன திசையை ஏற்கிறேன், நாளை ஏற்க முடியவில்லை. ஜப்பானிய ஊரின் கதை உயர்ந்ததுதான். ஆனால் நவம்பர் 5 என்றால் கடலூரில் யாருக்கு நெஞ்சு பதறும்? அன்று ஓடினால் அது பேரிடர் மேலாண்மைப் பயிற்சி ஆகும், நினைவேந்தல் ஆகாது. இரண்டும் ஒன்றல்ல.

புதுவைக்காரன்:
நவம்பர் தொடக்கம் வடகிழக்குப் பருவமழையின் உச்சக் காலம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 2011-இல் தானே புயலையும் 2015-இல் வெள்ளத்தையும் கண்ட ஊர் உங்களுடையது.

முதுநகர் ஆசிரியர்:
மழையில் தெரு எப்படி இருக்கும் என்பதும் தெரிய வேண்டியதுதானே. மழை கடுமையானால் ஒரு வாரம் தள்ளி வைக்கலாம்.

தேவனாம்பட்டினத்து மகள்:
கெடிலக்கரை ஐயாவுக்கு ஒன்று சொல்கிறேன். டிசம்பர் 26 நாள்காட்டியின் தேதி. 2004-இல் அன்று மார்கழிப் பௌர்ணமி. தாத்தாவுக்கு எங்கள் வீட்டில் அந்தத் திதியில்தான் படையல் போடுகிறோம், அது ஆண்டுக்கு ஆண்டு வெவ்வேறு தேதியில் வரும். ஊரோடு சேர்ந்து டிசம்பர் 26-இலும் அழுகிறோம். எங்களுக்கே இரண்டு நாள்கள் இருக்கும்போது, மூன்றாவதாக ஒரு நாள் வந்தால் நினைவு குறைந்துபோகும் என்று நான் நினைக்கவில்லை.

ஆசிரியர் ஐயா சொன்ன ஓட்டம் எனக்கு வேறாகத் தெரிகிறது. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் மறுபடியும் சுமத்ரா அருகே பூமி அதிர்ந்து எச்சரிக்கை வந்தபோது, எங்கள் தெருவில் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம்; எந்த வழியில் போவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நல்லவேளையாக அன்று பெரிய அலை வரவில்லை. அந்தக் குழப்பம் தீர்வதற்காக என்றால் நான் ஊரில் பேசத் தயார். ஆனால் கயிற்றில் இறந்தவர்களின் பெயர்களை எழுதாதீர்கள், படம் எடுப்பவர்கள் வீட்டு வாசல்களைப் படம் பிடிக்காதீர்கள்.

மஞ்சக்குப்பத்தான்:
தங்கை எழுதியதைப் படித்த பிறகு, தாழங்குடா வழியையும் டிசம்பர் 26-ஐயும் கைவிடுகிறேன். உங்கள் ஊரைக் கேட்காமல் நேரத்தைக்கூட நானே முடிவு செய்து எழுதியது தவறு. நவம்பர் 5-ஐ ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை, தேவனாம்பட்டினத்திலிருந்து மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு ஓடலாம் என்பது இப்போதைய எண்ணம். பனியன், பதாகை, ஒலிபெருக்கி எதுவும் இருக்காது. பணம் தர வருபவரை மறுக்கும் பொறுப்பைப் புதுவை நண்பரே ஏற்றால் மகிழ்வேன். ஊர்ப் பஞ்சாயத்தார் ஒப்புக்கொண்ட பிறகே காவல் துறையிடம் அனுமதிக்கு எழுதுவோம். அவர்கள் வேண்டாம் என்றால் இதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

கெடிலக்கரையான்:
நாள் குறித்த என் கருத்து மாறவில்லை. ஆனாலும் ஓடத் தெரியாத நான் தண்ணீர்க் குடத்தோடு பாதி வழியில் நிற்பேன்.

தேவனாம்பட்டினத்து மகள்:
பஞ்சாயத்தில் ஆண்கள்தான் உட்காருவார்கள். பால்குடம் எடுக்கும் பெண்களிடம் நான் தனியாகக் கேட்டுச் சொல்கிறேன். அவர்களில் பலர் வேண்டாம் என்றால், பஞ்சாயத்தார் சம்மதித்தாலும் நடத்தாதீர்கள். நடத்துவது உறுதியானால் எத்தனை மணிக்குப் புறப்படுகிறீர்கள், எந்தத் தெரு வழியாக ஓடுகிறீர்கள் என்பதை முந்தைய நாளே எனக்குச் சொல்லிவிடுங்கள். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த நேரத்தில் அவரோடு வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும்.