காலி மனையில் புதர்: ஜேசிபி விட்டு வழிக்கணுமா?

கேள்வி: ஆறு சென்ட் மனை. எருக்கு, ஆமணக்கு, துத்தி மண்டிக் கிடக்கு, ஓரத்தில் உடைந்த செங்கல் குவியல். கொசு, பாம்பு என்று அக்கம்பக்கத்தில் புகார். பூச்சி பறவை கெடாமல் என்ன செய்யலாம்?

பதில் 1: முழுசா வழிச்சுடாதீங்க சார். கிளறின வெறும் மண்ணில் முதலில் வருவது பார்த்தீனியம் களைதான். எருக்கு இலையின் அடிப்பக்கம் பாருங்க: வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டை, மூன்று ஜோடி கறுப்புக் கொம்பு இருந்தால் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. எருக்கில் பாதியை மட்டும் வெட்டுங்க, துளிர்த்ததும் மறுபாதி. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், ஈர மண்ணில், கையுறை போட்டு வேரோடு பிடுங்கணும். வெட்டிவிட்டால் மறுபடி தழையும்.

பதில் 2: டெங்கு கொசு இந்தப் புதர்ச் செடியில் முட்டையிடாது. டயர், சிரட்டை, பிளாஸ்டிக் கப்பில் தேங்கும் தண்ணீர்தான் காரணம். வாரம் ஒருமுறை கவிழ்த்தால் போதும், மருந்து தெளிக்காதீங்க, புழுவும் தேனீயும் சேர்ந்து சாகும். சாப்பாட்டுக் கழிவு கொட்டுவதைத் தடுங்க. எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும். செங்கல் குவியலில் அரணை இருக்கும். சுவரோரமாக இருந்தால் மனையின் நடுவுக்கு மாற்றுங்க. வெறுங்கையை உள்ளே விடாதீங்க. சுற்றிலும் மூன்றடி மட்டும் ஒட்ட வெட்டினால் பார்வைக்கும் சுத்தம், புகாரும் குறையும்.

பதில் 3: மார்ச் முதல் ஆகஸ்ட் வரை சரளைத் தரையில் கால் வைக்கும் முன் பார்க்கணும். ஆள்காட்டிப் பறவை கூடு கட்டாது. சின்னக் குழியில் நாலு முட்டை, கல் நிறத்திலேயே. தலைக்கு மேல் கத்திச் சுற்றினால் பின்வாங்குங்க. பொரிக்க நாலு வாரம் ஆகும்.